தண்ணீர் நின்றால் மட்டும் குளமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் குளத்தை ஊர்க்காரர்களே பணம் போட்டுத் தூர்வாரி வருகிறோம். கரை வரைக்கும் ஒரே ஆழமாக வெட்டி, உட்கரைக்குக் கல் பதித்து, மேலே நடைபாதை அமைக்க ஏற்பாடு. பறவை பார்க்க வரும் இளைஞர் ஒருவர் மட்டும் கரையோரத்தைத் தொடாதீர்கள் என்கிறார். சேறும் சம்புமாகக் கிடந்தால் கொசுதானே மிஞ்சும்? பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிற்கும் குளத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாதா?

கா., பல்லடம்

அன்புள்ள கா. அவர்களுக்கு,

ஊர் கூடிக் குளத்தைச் சீர்செய்வது லேசான காரியமல்ல. அதனால்தான் வேலை முடியும் முன்பே எழுதுகிறேன். அந்த இளைஞர் சொல்வதுதான் சரி.

தண்ணீர் நிற்பது மட்டும் போதாது என்பதற்கு நமக்கு ஒரத்துப்பாளையமே சாட்சி. பாசனத்துக்கென்று நொய்யலில் 1992இல் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, பாசன விவசாயிகளே நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நஞ்சராயன் குளத்துக்கு மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நடுக்குளத்தைவிடக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஓரத்தில்தான் கூட்டம் அதிகம். பவளக்கால் உள்ளான் சேற்றைக் கிளறிப் புழு பொறுக்கும். நீலத்தாழைக்கோழி சம்பங்குருத்தைப் பிடுங்கி, நாம் கரும்பைப் பிடிப்பதுபோல் கால்விரல்களால் பிடித்துக்கொண்டு கடிக்கும். செங்குத்தாகக் கல் பதித்த கரையில் இவற்றுக்கு நிற்கக்கூட இடமில்லை. கொசுப்புழுவைத் தின்னும் மீன்குஞ்சுகளும் தட்டானின் இளம்புழுக்களும் ஒளிந்து வளர்வதும் அந்தச் சம்பங்கோரைக்குள்தான். காற்றுப் புகாத அந்தச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள், தோட்டத்து உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு இது செலவில்லாத காவல்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. குளம், சதுப்பு போன்ற ஈரநிலங்களைக் காக்க வந்த 2017ஆம் ஆண்டின் விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் பக்கத்துக் குளங்களில் பெரும்பாலானவை அப்படிக் கட்டியவைதாமே. ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும் நஞ்சராயன் 2024இலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. உங்கள் குளத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கப்போவதில்லை, ஊர்தான் காவல்.

ஆகவே நடுவில் வேண்டிய மட்டும் ஆழப்படுத்தி, வண்டலைத் தோட்டங்களுக்கு அடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தைச் சரிவாக விட்டு, கருவேலம் நிற்கும் மண்திட்டு ஒன்றிரண்டை வெட்டாமல் வையுங்கள். வரத்து வாய்க்காலில் சாக்கடை விழுகிறதென்றால் முதலில் அதைத்தான் அடைக்க வேண்டும். கல் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தால் மதகைச் சுற்றி மட்டும் பதித்துவிட்டு, மிச்சத்தை நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.