அபராதம் கட்டினால் லைசென்ஸ் தப்புமா?

கேள்வி: ஹெல்மெட் போடாமல் மார்த்தாண்டம் போன என் மகனுக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்துவிட்டார்கள். எங்கே கட்டுவது? லைசென்ஸும் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டுகிறார்.
— ஒரு தாய், கருங்கல்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சட்டம் தெரிந்தவர்தான், அம்மா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194டி பிரிவு, 1,000 ரூபாயோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. பணம் கட்டியதால் இது தானாகக் கழிந்துவிடாது. ஆனால் நிறுத்திவைப்பு வேறு, ரத்து வேறு. விளக்கம் கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகக் கடிதம் வந்தால், கல்யாணப் பத்திரிகைபோல் ஜன்னலில் செருகிவைக்காமல் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். அந்த மூன்று மாதமும் "சந்தை வரைக்கும்தானே" என்று வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பணத்தை மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் சலான் எண்ணைப் போட்டுக் கட்டலாம். வண்டி எண்ணைப் போட்டால் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும், ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளக் கேமராவில் சிக்கியவர்களுக்கும் இதே தளம்தான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கேதான் முடிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 'சலான்' என்ற பெயரில் செயலிக் கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி அது.