வீடு தேடிப் போய் விளையாட்டு சொல்லித் தருகிறோம்; பலனை எப்படி அளப்பது? – கேள்வி பதில்

மேலூர், அங்கன்வாடிப் பணியாளர்: வாரம் ஒரு நாள் வீடுகளுக்குப் போனோம். ஒரு வருஷத்தில் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். வெற்றி என்று எழுதலாமா அக்கா?

இப்போதே எழுத வேண்டாம்மா. ஒன்றரை வயதுப் பிள்ளை இரண்டரை வயதில் பேசத்தான் செய்யும், நாம் போகாத வீட்டிலும் பேசும். நம்மால் கூடுதலாக என்ன வந்தது என்று தெரிய, போகாத ஊர்ப் பிள்ளைகளையும் அதே வயதில் பார்க்க வேண்டும். எந்த ஊருக்கு முதலில் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஆர்வமான தாய்மார்கள் உள்ள ஊராகப் பார்த்து எடுத்தால், அந்த ஆர்வத்தின் பலனும் நம் கணக்கில் ஏறிவிடும். ஒரே தெருவுக்குள் வீடு வீடாகப் பிரிக்கவும் கூடாது. சாயங்காலம் திண்ணைப் பேச்சில் விளையாட்டெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஒடிசாவின் கட்டாக்கில் இதே மாதிரி வீடு தேடிப் போன ஆய்வில், 54 குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் பிரிக்காமல், போகும் பகுதி, போகாத பகுதி என்று முழுப் பகுதியாகத்தான் பிரித்தார்கள். குலுக்கலில் விடுபட்ட ஊர்களுக்கு அடுத்த வருஷம் கட்டாயம் போங்கள்.

திருமங்கலம்: பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் சோதனையை நாங்களே வைக்கலாமா?

கூடாது. உங்கள் பொம்மைப் பையைப் பார்த்ததும் பிள்ளை ஓடி வரும். புது ஊரில் உங்களைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளியும். இரு பக்கத்துக்கும் புதியவர், எந்த ஊருக்கு யார் போனார்கள் என்று தெரியாதவர்தான் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் பெய்லி போன்ற சோதனைகளில் மரக்கட்டை அடுக்கச் சொல்வார்கள். நீங்கள் வாராவாரம் அதையே பழக்கியிருந்தால் பழக்கம்தான் தெரியும், அறிவு வளர்ந்ததா என்று தெரியாது. சொன்னது புரிகிறதா, ஒளித்த பொருளைத் தேடுகிறதா என்று நீங்கள் பழக்காததையும் பார்க்க வேண்டும். அப்புறம், தூக்கம் சொக்கும் மதியத்தில் எடுத்த மதிப்பெண்ணை நான் நம்பவே மாட்டேன்.

உசிலம்பட்டி, சமூகப்பணி மாணவர்: பலன் நிலைக்குமா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது தம்பி. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் தொடங்கிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு விளையாட்டு சொல்லித் தர வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகம். கொலம்பியாவிலோ, இதே மாதிரி திட்டம் முடிந்து இரண்டு வருஷத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. அதனால் முடிகிற அன்று மட்டும் அளந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடும் குடும்பங்களையும் தேடிப் பிடியுங்கள். அவர்களை விட்டால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வாடிப்பட்டி, ஓர் அப்பத்தா: பேத்திக்கு ரெண்டு வயசு, ஒரு வார்த்தையும் வரவில்லை. இந்தச் சோதனை வைக்கலாமா?

இது ஆய்வுக்கான சோதனை அம்மா, உங்களுக்கு வேண்டியது மருத்துவர். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.