தோப்புக்குள்ளேயே அனல் அடிக்குதே, ஏனுங்க?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. காங்கயம் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் தென்னை, ரெண்டு ஏக்கர் தீவனச் சோளம், நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்குதுங்க. மழை ஏமாத்திடுச்சு, கிணத்துல தண்ணி அடியில கிடக்குது. போன கோடையில தோப்புக்குள்ள காலை வெச்சாலே குளுகுளுன்னு இருக்கும். இந்த வருசமும் நிழல் அப்படியேதான் விழுகுது, ஆனா உள்ளேயே அனல் அடிக்குது. சோளம் முழங்கால் உசரத்துல சுருண்டு நிக்குது. கொறங்காட்டுல புல்லு காஞ்சிருச்சு, வெள்வேல மரம் மட்டும் பச்சையா நிக்குது. மூணும் மூணு விதமா இருக்க என்ன காரணம்? இருக்குற தண்ணிய எதுக்கு விடறது? சோளத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டுடலாமுங்களா?

பதில்: வணக்கம்ங்க. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர்ச் சங்கதி. அந்தச் சோளத்தைப் பச்சையாக ஒரு பிடிகூடப் போடாதீர்கள். பூக்காத இளஞ்சோளம் வாடி நின்றால் அதில் சயனைடு நச்சு ஏறியிருக்கும். அதைவிட மோசம், ஒரு மழை பெய்து அடியிலிருந்து கிளம்பும் புதுத் துளிர். தின்ற மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளி, டாக்டர் வருவதற்குள் விழுந்துவிடும். அறுத்துப் பரப்பி, தண்டு மடக்கென்று ஒடியும்வரை காயவைத்தால் அந்த நச்சு பெருமளவு போய்விடும். ஆனால் யூரியா தாராளமாகப் போட்டிருந்தால் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். அது காய்ந்தாலும் போகாது. அப்படியானால் காய்ந்த தட்டையும் வேறு வைக்கோலோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுங்கள்.

இப்போது அனலுக்கு வருவோம். தோப்பின் குளிர்ச்சியில் நிழலுக்கு ஒரு பங்குதான், மீதி ஓலை வழியே போகும் நீராவியால் வருவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். நம் பக்கத்துத் தென்னைக்குக் கோடையில் சொட்டுநீரில் நாளைக்கு 65 லிட்டர் என்பது பரிந்துரை. அவ்வளவும் ஓலை வழியே போனால் ஒரு மரம் சுமார் 44 யூனிட் வெயிலை விழுங்கிவிடுகிறது. ஒரு டன் ஏசி ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஓடி அறையிலிருந்து இழுக்கும் வெப்பம் அது! தண்ணீர் 22 லிட்டராகக் குறைந்தால் 15 யூனிட்தான் போகும். மிச்சம் 29 யூனிட் ஓலையையும் மண்ணையும் காற்றையும் சுட வைக்கும். ஏக்கருக்கு 70 மரம் என்று பெருக்கிப் பாருங்கள், தினமும் 2,000 யூனிட். அதுதான் உங்கள் முகத்தில் அடிக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வெயில் படும் ஓலையைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் குடித்த மரத்து ஓலையும் தவிக்கும் மரத்து ஓலையும் கைக்கே வித்தியாசம் தெரியும்.

தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் இலைத்துளைகளை மூடுகிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். துளை மூடினால் இலையில் நடக்கும் உணவுச் சமையலும் நிற்கும், ஆனால் சுவாசம் நிற்காது. சூடு ஏற ஏற அது கூடும். வரவு இல்லாமல் செலவு மட்டும் ஓடும் வீடு மாதிரி, மரம் இருப்பைத் தின்று குரும்பையை உதிர்க்கிறது. தென்னையில் பாளை கருவாவதிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 44 மாதம் ஆகும். அதனால் இந்த வறட்சியின் கணக்கு அடுத்த இரண்டு மூன்று வருட வெட்டிலும் வந்து நிற்கும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அதற்குப் பின்னால் வந்த காய்ப்பை நினைத்துப் பாருங்கள்.

புல்லும் மரமும் தண்ணீரைச் செலவு செய்யும் விதமே வேறு. 2003 கோடையில் ஐரோப்பாவில் இதை அளந்து பார்த்தார்கள். வெக்கை தொடங்கியபோது புல்வெளி தண்ணீரைத் தாராளமாக விட்டுக் குளிர்ச்சியாக இருந்தது. காடு முதல் நாளிலிருந்தே இறுக்கிப் பிடித்தது. மண் ஈரம் தீர்ந்ததும் புல்வெளிதான் அதிகம் கொதித்தது. அந்த ஆண்டு அங்கே பயிரும் காடும் சேர்ந்து, உள்ளே இழுத்ததைவிட 50 கோடி டன் கார்பனை அதிகமாக வெளியே விட்டன. நான்கு வருடம் சேர்த்தது ஒரே கோடையில் போயிற்று.

உங்கள் கொறங்காட்டில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல் மேல்மண் ஈரத்தைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்து, இருப்பை அடித்தூரிலும் வேரிலும் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். அது செத்துவிடவில்லை. வெள்வேலத்தின் வேர் ஆழத்தில் இருப்பதால் அது பச்சையாக நிற்கிறது. நம் பெரியவர்கள் இந்த இரண்டையும் கிளுவை வேலிக்குள் சேர்த்து வைத்ததைவிட நல்ல காப்பீட்டை நான் பார்த்ததில்லை. சோளம் குறைந்த தண்ணீரில் அதிகம் சமைக்கும் பயிர்தான், ஆனாலும் அதற்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. இந்தப் போகத்தை விட்டுவிடலாம்.

ஆகவே இருக்கும் தண்ணீர் முழுவதும் தென்னைக்கு. மரத்துக்கு 22 லிட்டர் கிடைத்தாலும் போதும், உயிர் பிழைக்கும். சாயங்காலம் விடுங்கள், காலையில் காற்று ஈரமாக இருக்கும்போது துளை திறக்கிற மரத்துக்கு அது கையில் இருக்கும். தூரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடி தூரத்துக்கு நூறு தேங்காய் மட்டைகளை முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்குங்கள். மண்ணிலிருந்து வீணாகப் போகும் ஆவி அதில் நிற்கும்.

கொறங்காட்டில் கவனம் தேவைப்படுவது முதல் மழைக்குப் பிறகுதான். காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து, சில நாட்களுக்குக் கரியமில வாயுவைக் குபுகுபுவென்று வெளியேற்றும். கூடவே தழைச்சத்தும் விடுபடும். புல் அவ்வளவு பசேலென்று கிளம்ப அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தத் துளிர் வேரில் இருந்த கடைசிச் சேமிப்பைச் செலவழித்து வந்தது. அதைப் பார்த்து உடனே மாட்டை ஓட்டிவிட்டால் தூர் செத்துப்போகும். புல் முழங்கால் உயரம் வரும்வரை படலைச் சாத்தியே வையுங்கள். அதுவரை மாட்டைக் கட்டுத்தறியிலேயே வைத்து, காய்ந்த தட்டும் வெள்வேலங்காயும் கொடுத்துச் சமாளியுங்கள்.