தொழுகை முடிந்த பிறகு பள்ளிவாசலுக்கு என்ன வேலை?

"ஐந்து வேளைத் தொழுகைக்கு மேல் பள்ளிவாசலில் என்ன நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே நடக்கும்.

தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளிவாசல் என்றால் கட்டடம் மட்டுமல்ல, அதைச் சேர்ந்த ஜமாஅத் என்னும் ஊர் முஸ்லிம்களின் அமைப்பும்தான். குடும்பங்கள் அதற்குச் சந்தா கட்டும். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் கேட்பார்கள். ஏற்கெனவே மணமானவரா, ஆள் எப்படி என்பது அங்கேதானே தெரியும்! நிக்காஹ் முடிந்ததும் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் தொகை உட்பட எல்லாம் பள்ளிவாசல் பதிவேட்டில் ஏறும். கணவன் மனைவி பிணக்கு, சொத்துத் தகராறு என்றாலும் பலர் முதலில் நிர்வாகிகளிடம்தான் போவார்கள். அந்தப் பேச்சில் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்தல்தான். புதுக்கோட்டையில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கியதும் இதனால்தான்.

சாவு விழுந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, சுமக்கும் சந்தூக் பெட்டியும் பள்ளியிலிருந்தே வரும். பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்பது அங்கேயுள்ள மதரஸாவில்.

அப்புறம் ரமலான் மாதம். பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். இதற்காகத் தமிழக அரசும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அதில் பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வடையும் சம்சாவும் வாசலிலேயே விற்கும்.