மோழை யானைக்கு யார் சொன்னது?

அண்ணே வணக்கம். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறேன். போன வாரம் ரோட்டுல ஒரு மோழை நின்னுச்சு, ஆண் யானைதான், தந்தமே இல்ல. வண்டியில இருந்த பெரியவர், வேட்டைக்காரனுக்குப் பயந்து யானைங்க தந்தத்தை விட்ருச்சுக, இதான் பரிணாமம்னாரு. யானைக்கு அது எப்படிண்ணே தெரியும்?

தம்பி,

பெரியவர் சொன்னதுல பாதி சரி, அந்த "பயந்து" தான் இடிக்குது. தந்தம் இல்லாத யானை துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடியே கூட்டத்துல ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. வருஷா வருஷம் கொம்பு வச்ச கிடாயாப் பார்த்து சந்தைக்கு ஓட்டிட்டா மிச்சம் நிக்கிற மோழைக் கிடாதான பட்டியில சேரும், கொஞ்ச வருஷத்துல குட்டியெல்லாம் மோழையாப் பொறக்கும், அதுக்காக எந்த ஆடாச்சும் கொம்பு வேணாம்னு நெனச்சுச்சா?

மொசாம்பிக்ல கொரொங்கோசான்னு ஒரு காடு. 1977ல இருந்து 1992 வரைக்கும் உள்நாட்டுச் சண்டை, ரெண்டு பக்கமும் தந்தத்துக்காக சுட்டுத் தள்ளி நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல யானை போயிருச்சு. ஆப்பிரிக்காவுல பொம்பள யானைக்கும் தந்தம் உண்டு. அதுல தந்தம் இல்லாதது முன்னாடி நூத்துக்கு 18 கிட்ட, சண்டை முடிஞ்சப்ப 50 கிட்ட. சரி, சுட்டது போக மிஞ்சுன கணக்குதானன்னு கேப்ப. சண்டைக்கப்புறம் பொறந்த பொம்பளக் குட்டிகள்லயும் நூத்துக்கு 33 கிட்ட தந்தம் இல்ல, அங்கதான் விஷயம் இருக்கு. 2021ல வந்த ஆராய்ச்சி இன்னொண்ணும் சொல்லுது: தந்தம் இல்லாமப் பண்ற அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆண் கரு அதை வாங்குனா வயித்துலயே தங்காதாம். தாயைத் துப்பாக்கிகிட்ட இருந்து காப்பாத்துனதே மகனுக்கு எமன். யோசிச்சு முடிவு பண்ற எவனாவது இப்படி ஒரு ஏற்பாடு பண்ணுவானா?

நம்ம பக்கம் கதை வேற. இங்க பொம்பள யானைக்குத் தந்தமே வெளிய தெரியாது, அதனால குண்டெல்லாம் கொம்பனுக்குத்தான். பெரியாறு காட்டுல 1980கள் கடைசியில வளந்த ஆண் ஒண்ணுக்குப் பொம்பள யானை நூத்துக்கு மேலன்னு கணக்கு வந்துச்சு. ஆனாலும் தென்னிந்தியாவுல ஆண்ல பெரும்பாலும் கொம்பன்தான் (2023ல கம்பத்துக்குள்ள பூந்து ஊரையே வீட்டுக்குள்ள உக்கார வச்ச அரிக்கொம்பன மறந்துருக்க மாட்ட). யானை சினையே 22 மாசம், ஒரு தலைமுறைக்கு இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆகும், கொசு மாதிரி சட்டுனு மாறாது. அதனால நீ பார்த்த ஒத்த மோழைய வச்சு வேட்டையாலதான்னு சொல்லிற முடியாது, அதோட தாத்தனும் மோழையா இருந்துருக்கலாம்.

அப்புறம், தந்தம் இல்லையேன்னு கிட்டப் போயிராத. மோழைக்கும் மதம் பிடிக்கும். பேசாம ரிவர்ஸ் எடுத்துரு.