இண்டிசைனில் தமிழ் எழுத்துரு சிதைந்து தெரிவது ஏன்?

கிருஷ்ணகிரியில் அச்சகம் நடத்தும் நண்பர், மாங்கூழ் லேபிளுக்காக நிறுவிய யூனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துருவில், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இண்டிசைனில், கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவதாகக் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் பிழை எழுத்துருவில் இருப்பதில்லை. ட்ரூடைப், ஓப்பன்டைப் எழுத்துருக்கள் ஒவ்வொரு வடிவத்தையும் புள்ளிகளாக அல்லாமல் வளைகோடுகளாகவே சேமிப்பதால், 8 பாயிண்டிலும் 200 பாயிண்டிலும் விளிம்பு பிசிறில்லாமல் அச்சாகும். ஆனால் ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவதற்கு, எழுத்துருவிலுள்ள விதிகளை மென்பொருள் படித்துச் செயல்படுத்த வேண்டும். இண்டிசைனில் உரையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதை அமைத்தால் எழுத்துகள் ஒழுங்காக அமர்ந்துவிடும்.



நம் ஊர் அச்சகங்கள் இன்னும் கைவிடாத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் இந்த வழி பலிக்காது, ஏனெனில் அதற்கு யூனிகோடே தெரியாது. அதில் செய்த பழைய கோப்புகளை இண்டிசைனுக்குக் கொண்டுவரும்போது எழுத்துருவை மட்டும் மாற்றினால் பொருளற்ற எழுத்துகளே மிஞ்சும். உரையையே, பழைய எழுத்துருவின் குறியீடுகளை மாற்றித் தரும் குறியாக்க மாற்றியின் மூலம் யூனிகோடுக்கு மாற்றி, பின்னர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது.