பிரவுசரை அப்டேட் செய்ததும் ஒரு தளம் வேலை செய்யாவிட்டால், தவறு யாருடையது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது. பிரவுசர் தானாகவே புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. அன்றிலிருந்து, தினமும் பயன்படுத்தும் ஒரு தளத்தில் படிவத்தை நிரப்பி 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. தளத்துக்காரர்கள் பழைய பதிப்பையே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் நண்பரோ, தளம் தரநிலைப்படி (எல்லா பிரவுசர்களுக்கும் பொதுவான விதிப்படி) எழுதப்படவில்லை, பிரவுசர்மேல் பழி போடாதே என்கிறார்.

பெரும்பாலும் நண்பர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் எப்போதும் இல்லை. பழைய பதிப்புக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக வலைப்பக்கங்கள் எழுதுகிறவன். இந்தக் கேள்வி எனக்கு முதன்முதலில் உறைத்தது மைக்ரோசாஃப்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வந்தபோது, 2006 இறுதியில். அதற்கு முந்தைய 6-ஆம் பதிப்பு வெளிவந்தது 2001 ஆகஸ்டில். நடுவில் ஐந்து வருடம் புதிய பதிப்பே இல்லை. அந்த ஐந்து வருடத்தில் எங்களில் பலர், பக்கம் 6-இல் ஒழுங்காகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

நான் எழுதிய ஒரு பக்கம் 760 பிக்சல் அகலம். இடது கட்டம் 200, வலது கட்டம் 560. இரண்டுக்கும் உள்ளே இருபுறமும் 10 பிக்சல் இடைவெளி, நாங்கள் பேடிங் என்று சொல்வது. கூட்டிப் பார்த்தால் 760, கச்சிதம். அப்டேட் ஆன மறுநாள் காலையில் பார்த்தால் வலது கட்டம் இடது கட்டத்துக்குக் கீழே போய் விழுந்து கிடக்கிறது. மேலே வலப்பக்கம் வெறும் வெள்ளை. நேற்றுவரை நன்றாக இருந்தது, பிரவுசர்தான் கெடுத்துவிட்டது என்று நானும் சொன்னேன். மாலைவரை ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்ததில், சிக்கல் கோப்பின் முதல் வரியிலேயே இருந்தது.

அந்த வரி, இந்தக் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் ஒரு சின்ன வரி. அதற்கு அடுத்துதான் டாக்டைப் வரி இருந்தது. பிரவுசர்கள் டாக்டைப்பைப் பார்த்துத்தான், இந்தப் பக்கத்தைத் தரநிலைப்படி காட்டுவதா, பழைய பக்கங்களுக்காக வைத்திருக்கும் குவர்க்ஸ் முறையில் காட்டுவதா என்று முடிவு செய்யும். டாக்டைப்புக்கு முன்னால் வேறு ஏதாவது இருந்தால் 6-ஆம் பதிப்பு அதைக் கவனிக்காமல் குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும். அந்த முறையில் 200 பிக்சல் என்றால் பேடிங்கையும் சேர்த்து 200. தரநிலையில் 200 என்பது உள்ளே இருக்கும் விஷயத்துக்கு மட்டும். பேடிங்கைத் தனியாகக் கூட்ட வேண்டும். 7-ஆம் பதிப்பு அந்த எக்ஸ்எம்எல் வரியைச் சரியாகக் கையாள ஆரம்பித்ததும் என் பக்கம் முதல்முறையாகத் தரநிலைப்படி அளக்கப்பட்டது. 220-உம் 580-உம் சேர்ந்து 800. 760-க்குள் எப்படி அடங்கும்?

அதாவது புதிய பதிப்பு எதையும் கெடுக்கவில்லை. ஒரே ஒரு பிரவுசரின் நடத்தையை விதி என்று நினைத்து நான் எழுதியிருந்தேன். உங்கள் தளத்துக்கும் இப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேடிங்கைச் சேர்த்தே அகலத்தைக் கணக்கிடும் அந்தப் பழைய முறைதான் உண்மையில் வசதியானது. இன்று பெரும்பாலான டெவலப்பர்கள், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இல் முதல் வேலையாக 'பாக்ஸ் சைஸிங்' என்ற வரியைப் போட்டு அந்த முறையைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். சிஎஸ்எஸ் பணிக்குழுவே தன் வடிவமைப்பில் நேர்ந்த தவறுகள் என்று வைத்திருக்கும் பட்டியலில், ஆரம்பத்திலேயே அப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அன்று மைக்ரோசாஃப்ட் செய்தது சரியா? வடிவமைப்பாகப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்-இன் முதல் பதிப்பைப் பரிந்துரையாக வெளியிட்டபோது எல்லாரும் ஒப்புக்கொண்டது வேறொன்று. ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டால் கட்டடம் எழும்பாது. எல்லார் கையிலும் ஒரே அளவுகோல் இருக்கிறது என்பதுதான் தரநிலையின் பலன். அந்த அளவுகோல் கொஞ்சம் அசௌகரியமாக இருந்தாலும் சரி.

சரி, அளவுகோலை மாற்றும்போது பழைய கட்டடங்களை என்ன செய்வது? நான் பார்த்ததிலேயே சூடான விவாதம் இதைப் பற்றித்தான் நடந்தது, 2008-இல். 7-ஆம் பதிப்பால் நிறையத் தளங்கள் சிதைந்தன என்ற புகார் மைக்ரோசாஃப்டை உலுக்கியிருந்தது. அதனால் 8-ஆம் பதிப்புக்கு, ஜனவரியில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். ஒரு பக்கம் தன் தலைப்பகுதியில், 'என்னை 8-ஆம் பதிப்பின் விதிப்படி காட்டு' என்று ஒரு குறிப்பை எழுதிக் கேட்டால் மட்டுமே புதிய விதி. கேட்காத பக்கங்கள் எல்லாம் 7-இல் தெரிந்தது போலவே தெரியும். தரநிலைகளுக்காகப் போராடிவந்த வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பிலிருந்தும் சிலர் இதை உருவாக்க உதவியிருந்தார்கள். அதனால் ஒரே அணியில் இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள்.

முதலில் படித்தபோது எனக்கு அது நியாயமாகவே பட்டது. என் பழைய பக்கங்கள் பிழைக்குமே! அப்புறம் யோசித்தபோது எதிர்த்தரப்பு சொன்னது புரிந்தது. தரநிலைப்படி நேர்மையாக எழுதியவர் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவருடைய சரியான பக்கமும் 2006-இன் தவறுகளோடு தெரியும். விதியை மீறி எழுதியவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஒவ்வொரு புதிய பதிப்பும் முந்தைய எல்லாப் பதிப்புகளையும் வயிற்றில் சுமந்துகொண்டு வர வேண்டும். புதிதாகப் பிரவுசர் எழுத வருகிறவர் தரநிலையைப் படித்தால் மட்டும் போதாது, இன்னொருவருடைய பழைய பதிப்புகளையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். சுமையைத் தவறான தோளில் ஏற்றிய யோசனை அது.

2008 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் முடிவை மாற்றிக்கொண்டது. தரநிலைதான் இயல்பு, பழைய முறை வேண்டுமென்றால் பக்கம் கேட்டுப் பெற வேண்டும் என்றது. 2009 மார்ச்சில் 8 வெளிவந்தபோது முகவரிப் பட்டிக்குப் பக்கத்தில் கிழிந்த காகிதம் போல ஒரு சின்னப் பட்டன் இருந்தது. பக்கம் கோணலாகத் தெரிந்தால் அதை அழுத்தினால் போதும், பழைய முறையில் காட்டும். எனக்கு இன்றும் அது நல்ல தீர்வாகவே தெரிகிறது. பக்கத்தைப் பார்க்க வந்தவரைத் தவிக்கவிடவில்லை. அதே சமயம், எழுதியவர் தன் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

பிரவுசர்காரர்கள் பழைய பக்கங்களைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அடுக்குக்குள் அடுக்காக இருக்கும் பட்டியலை ஒரே தட்டாக மாற்ற 'ஃப்ளாட்டன்' என்று ஒரு வசதியைச் சேர்க்க இருந்தார்கள். 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டதும் ஒரு தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய நூலகம், அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, அதே பெயரில் தனக்கென்று ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தது. பிரவுசரிலேயே அந்தப் பெயர் வந்ததும், நூலகம் தன் வசதியை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் படி வேலை செய்யாமல் போனது. அந்த நூலகத்தில் ஓடும் பக்கங்களில் பல, எழுதியவரே மறந்துபோனவை. பல வாரம் வாதாடிய பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குழு அந்த வசதியின் பெயரையே மாற்றியது. இன்று அது 'ஃப்ளாட்'. யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பக்கம் உடையக்கூடாது என்பதற்காக ஒரு மொழியே தன் சொல்லை விட்டுக்கொடுத்தது. இந்த அக்கறைதான் வலையை இத்தனை வருடம் படிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது.

வெறும் எண்ணால் உடையும் தளங்களும் உண்டு. பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் 10-ஐ 1 என்று எடுத்துக்கொண்டதால், ஓபரா 10 தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2022-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது மூன்று இலக்கத்தால் எந்தத் தளம் விழும் என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. உங்கள் தளம் பதிப்பு எண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற ரகமாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

பிரவுசர் மேல் நியாயமாகக் குறை சொல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன. 2021-இல் குரோம் 92, ஒரு பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் வேறு தளத்தின் பக்கம் அலர்ட் பெட்டி காட்டுவதை நிறுத்தியது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதாக நடித்து ஏமாற்றலாம் என்பது காரணம், காரணம் சரிதான். ஆனால் நிரல் எழுதப் பழகும் தளங்கள் பல அதை நம்பித்தான் இருந்தன. தரநிலைப்படி எழுதியவர்களே அடிபட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. தரநிலையில் இருக்கும் ஒன்றைப் பிடுங்கும்போது போதிய அறிவிப்பும் அவகாசமும் கொடுக்காவிட்டால் தவறு பிரவுசருடையதுதான். உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.

இன்று என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஓபரா 2013-இல் தன் சொந்த என்ஜினை, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உட்பகுதியை, கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் அறிவித்து, 2020 ஜனவரியில் தன் எட்ஜ் பிரவுசரை, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாற்றியது. பெயர்கள் பல இருந்தாலும் மிச்சமிருக்கும் பெரிய என்ஜின்கள் பிளிங்க் (குரோம், எட்ஜ்), வெப்கிட் (சஃபாரி), கெக்கோ (ஃபயர்ஃபாக்ஸ்) என்று மூன்றுதான். அதில் வெப்கிட்டிலிருந்து 2013-இல் பிரிந்ததுதான் பிளிங்க். ஒரு வசதி தரநிலையாக முதிர, ஒன்றையொன்று சாராத இரண்டு செயலாக்கங்களாவது வேண்டும் என்பது சிஎஸ்எஸ் பணிக்குழுவின் நடைமுறை. இது ஏன் முக்கியம் என்பதற்கு, பிரவுசருக்குள்ளேயே தரவைச் சேமிக்கும் வசதியான வெப் எஸ்க்யூஎல் நல்ல உதாரணம். அதைச் செய்த எல்லாரும் உள்ளே எஸ்க்யூலைட் என்ற ஒரே தரவுத்தள மென்பொருளைத்தான் வைத்திருந்தார்கள். அந்த மென்பொருள் செய்வதெல்லாம் விதி என்று ஆகிவிடும் என்பதால், 2010-இல் டபிள்யூ3சி அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் குரோமில் ஓடுகிறதே என்று நம்பி எழுதியவர்கள் இருந்தார்கள். 2023, 2024-இல் குரோம் அதைப் படிப்படியாக எடுத்தபோது அவர்களுடைய செயலிகள் நின்றுபோயின. என் இரண்டு கட்டங்களின் கதைதான், இன்னும் பெரிய அளவில். 'எங்கள் தளம் குரோமில் மட்டும்தான் வேலை செய்யும்' என்று யாராவது எழுதிவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு 2006 ஞாபகம் வந்துவிடுகிறது.

இனி உங்கள் பட்டன். முதலில் பிரைவேட் விண்டோவில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷன், அல்லது பழைய குக்கீ. அங்கேயும் வேலை செய்யாவிட்டால் வேறு என்ஜின் உள்ள பிரவுசரில் பாருங்கள். குரோமுக்குப் பதில் எட்ஜில் பார்த்துப் பயனில்லை, உள்ளே ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸிலோ சஃபாரியிலோ பாருங்கள். பிறகு எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு 'சமர்ப்பி'யை அழுத்துங்கள். சிவப்பு நிறத்தில் ஒரு வரி வந்தால் அதை அப்படியே நகலெடுத்து வையுங்கள். ஏதோ ஒன்று ஃபங்ஷன் அல்ல என்றோ, வரையறுக்கப்படவில்லை என்றோ இருந்தால், தளம் நம்பியிருந்த ஏதோ ஒன்று புதிய பதிப்பில் இல்லை என்று பொருள்.

ஃபயர்ஃபாக்ஸில் உடைந்த தளத்தைப் புகார் செய்ய மெனுவிலேயே இடம் இருக்கிறது. பயன் இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸும் வெப்கிட்டும் குறிப்பிட்ட சில தளங்களுக்காக மட்டும் தனித் திருத்தங்களைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

பழைய பதிப்பு ஏன் வேண்டாம் என்றால், ஒவ்வொரு அப்டேட்டும் பழைய பதிப்பில் எங்கே ஓட்டை இருந்தது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த என்ஜின்களின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. எந்த வரி மாறியது என்று பார்த்தாலே தாக்குகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரு தளத்தின் படிவத்துக்காக நீங்கள் போகும் மற்ற எல்லாத் தளங்களிலும் அந்த ஓட்டையோடு திரிய வேண்டாம். அலுவலகம் முழுக்க அந்தத் தளத்தை நம்பியிருந்தால் ஃபயர்ஃபாக்ஸின் ஈஎஸ்ஆர் பதிப்பைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள். வசதிகள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு மாறாமல் இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

தளத்துக்காரர்களுக்கு மறுபடி எழுதும்போது, 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பிரவுசரின் முழுப் பதிப்பு எண், அந்தச் சிவப்பு வரி, வேறு என்ஜினில் என்ன ஆனது, இந்த மூன்றையும் எழுதுங்கள். நான் அந்தப் பக்கத்து டெவலப்பராக இருந்தால் அந்த மூன்றும் கையில் கிடைத்த அன்றே கோப்பைத் திறந்துவிடுவேன். சிவப்பு வரி வந்தால் இங்கே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.